வாட மறுத்த பதினான்கு செடிகள்

எங்கள் தெருவில் ஒரு செய்தி கிளம்பினால், முனை திரும்புவதற்குள் குட்டி போட்டுவிடும். டைம்கீப்பர் வாடகை வீட்டைக் காலி பண்ண இழுத்தடிப்பது ஏன்? கொல்லைப்புறத்தில் எதையோ புதைத்து வைத்திருக்கிறாராம். இஸ்திரிக் கடையில் இதைக் கேட்டபோது அது ஒரு டப்பா. மளிகைக் கடைக்கு வந்தபோது பெட்டி. என் காதுக்கு எட்டியபோது பெட்டிக்குள் நகை இருந்தது. நான் இரண்டு பேரிடம் சொன்னதில் நகை கொஞ்சம் எடை கூடியிருக்கலாம், மறுப்பதற்கில்லை.

சாட்சியமும் இருந்தது. தினமும் காலை டியூட்டிக்குக் கிளம்புமுன் மனிதர் கொல்லையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எதையோ தடவிப் பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார். புதையல் இல்லாதவன் மண்ணைப் பார்த்து எதற்குப் பெருமூச்சு விடவேண்டும்?

சரி, நேரில் பார்த்துவிடுவோம் என்று பஸ் நேரம் கேட்கும் சாக்கில் போனேன். பஸ் பணிமனையில் இருபத்திரண்டு வருஷமாக எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதுவது அவர் உத்தியோகம். ஜன்னலில் யார் தலையை நீட்டிக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "வந்துட்டே இருக்கு." வண்டி எங்கே இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது, அவர் வணங்கும் தெய்வத்துக்கும் தெரியாது.

"புதையல் பாக்க வந்தீங்களா சார்?"

"சேச்சே. அஞ்சரை வண்டி எப்பன்னு..."

"அதுக்கா வாசல் கதவ விட்டுட்டு சந்து வழியா கொல்லைக்கு வந்தீங்க? வாங்க, பாத்துட்டே போங்க."

பார்த்தேன். சாக்கடைக்கும் மதிலுக்கும் நடுவே இரண்டடி அகலத்தில் ஒரு பாத்தி. அதில் இடுப்பு உயரத்துக்குப் பதினான்கு ஜினியாச் செடிகள். பூவின் ஒவ்வொரு இதழும் அடியில் மஞ்சள், நடுவில் சுட்ட செங்கல், நுனியில் எலுமிச்சங்காய்ப் பச்சை. கண்ணை எடுக்க முடியவில்லை.

"என்ன அழகு சார்" என்றேன்.

"அதான் வினை. வாடவே மாட்டேங்குது."

ஊரெல்லாம் பூ வாடக்கூடாது என்று தண்ணீர் தெளிக்கும்போது, வாடவேண்டும் என்று தவம் கிடக்கும் ஒரு ஆளை அன்றுதான் பார்த்தேன். கதையை அவரே சொன்னார்.

அவருடைய அக்கா ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவர். இந்த மூன்று நிறப் பூ அவர் கைவேலை. சாதாரணமாகப் பூத்ததை எல்லாம் பிடுங்கிப் போட்டு, விநோதமாகப் பூத்ததில் மட்டும் விதை எடுத்து, மறுபடி விதைத்து, பதினோரு வருஷத்தில் கொண்டுவந்து நிறுத்திய நிறம். இந்த வருஷம் மாத்திரை போட்டுக் கொடுக்கும் காகித உறையில் அறுபது விதை போட்டுத் தம்பியிடம் கொடுத்தார். "எல்லாத்தையும் ஒரே எடத்துல வைக்கக் கூடாதுடா. உன்கிட்ட பாதி இருக்கட்டும். ஆனா அறுபது குடுத்தேன், அறுபது திரும்பி வரணும்."

அக்கா ஜோசியம் பார்த்தவர் போலத்தான் சொல்லியிருக்கிறார். பூக்க ஆரம்பித்த வாரமே அவர் வீட்டுப் பின்பக்கம் குடிநீர்க் குழாய் பதிக்க வந்தவர்கள் பாத்தியோடு சேர்த்துத் தோண்டிவிட்டார்கள். பதினோரு வருஷமும் இப்போது தம்பி வீட்டுச் சாக்கடை ஓரத்தில்.

தம்பி கடமை தவறவில்லை. நகம் மறையும் ஆழத்தில் விதைத்தார். ஐந்தாம் நாள் முளைத்ததை டைரியில் 'வந்தது, காலை 6.10' என்று பதிந்தார். நெருக்கமாக வந்ததைக் களைந்து பதினைந்தை நிறுத்தினார். நர்சரிக்காரர் ஒரு யோசனை சொன்னார்: வாடின பூவை அன்றன்றைக்கே வெட்டிப் போடுங்க, வெட்ட வெட்டப் பூக்கும். உத்தியோகத்தில் ஊறிய ஒழுங்கு. நாலு மாதம் தினமும் சாயங்காலம் கத்தரியும் கையுமாக நின்று, லேசாகத் தலை சாய்ந்த பூவைக்கூட விடாமல் வெட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார். செடிகள் சீவிச் சிங்காரித்து நின்றன. நர்சரிக்காரரே மெச்சினார்.

அப்போதுதான் வீட்டுக்காரர், கொல்லையில் கார் ஷெட் கட்டவேண்டும், முப்பதாம் தேதிக்குள் காலி பண்ணுங்கள் என்றார். அக்காவும் போன் செய்தார்.

"வெத எடுத்துட்டியாடா?"

"காய் இன்னும் வரலக்கா."

"என்ன காய்?"

"வெண்டைக்கா மாதிரி ஏதாச்சும் வரும்ல? அதுக்குள்ளதான வெத?"

"காய் ஏதுடா இதுக்கு? பூ செடியிலயே வாடி, தவிட்டு நெறமா சருகாகணும். அதான் வெத. வாடினதெல்லாம் பத்திரமா வச்சிருக்கல்ல?"

"வச்சிருக்கேன்க்கா" என்றார் டைம்கீப்பர். வாழ்நாளில் அவர் தவறாக எழுதிய முதல் பதிவு அதுதான்.

வெட்டி வெட்டி வைத்ததால் செடியில் இருந்ததெல்லாம் புதுப் பூ. சருகாக இன்னும் ஐந்து வாரம். கையில் இருந்தது மூன்று வாரம். ஒரு செடியை வேரோடு பெயர்த்து வாளியில் வைத்துப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் அது கழுத்தைத் தொங்கப்போட்டுச் செத்தது. தண்ணீரை நிறுத்திப் பார்த்தார். இலை வாடியதே தவிர விதை முற்றவில்லை. தாமதமாக வரும் டிரைவருக்கு மெமோ கொடுக்கலாம். பூவுக்கு யார் கொடுப்பது?

வீட்டுக்காரரிடம் கூடுதலாகப் பதினைந்து நாள் அவகாசம் கேட்டுக் கெஞ்சினார்.

"எதுக்குப் பதினஞ்சு நாள்?"

"பூ வாடணும் சார்."

வீட்டுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பூவா? நல்லா வாடட்டும். முப்பதாம் தேதிக்குள்ள வாடட்டும்."

இதைக் கேட்டதும் எனக்கு மனசு உறுத்தியது. நேராக வீட்டுக்காரரிடம் போனேன். "நானே பாத்தேன் சார், வெறும் ஜினியாச் செடிதான்" என்றேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்: "உங்க பங்கு எவ்வளவு?"

அப்போதுதான் உறைத்தது. பெட்டியும் நகையும் அவர் காதுக்கும் போயிருக்கின்றன, நான் கூட்டிய எடையோடு. அவகாசம் கேட்கக் கேட்க அவர் சந்தேகம்தான் வளர்ந்தது. உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். நாங்கள் பரப்பிய பொய் அளவுக்கு அதற்குக் கால் இல்லை.

இருபத்தைந்தாம் தேதி மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள். நான்காம் நாள் காலை டைம்கீப்பர் மதிலுக்கு மேல் முகத்தை நீட்டி, சந்தில் போன என்னைப் பார்த்து, "சார், வாடிடுச்சு!" என்று கூவினார். பூக்களெல்லாம் பழுப்பாகத்தான் இருந்தன. ஒன்றைக் கிள்ளினார். உள்ளே பஞ்சு போல் பூஞ்சை. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

முப்பதாம் தேதி சாமான் ஏற்றும் வண்டி வந்தது. இருந்த பூக்களை எல்லாம் கொய்து தலையணை உறையில் போட்டுக்கொண்டு அவர் கடைசியாக வெளியே வந்தார். வாசலில் நின்ற வீட்டுக்காரர் உறைக்குள் கையை விட்டார்.

"என்னது?"

"பூ."

"அடியில?"

"அதுவும் பூதான் சார்."

மறுநாளே தோண்டினார்கள். கார் ஷெட்டுக்கு இரண்டடி ஆழம் போதும் என்றார் கொத்தனார். வீட்டுக்காரர் ஐந்தடி போகச் சொன்னார். மூன்றாவது அடியில் கடப்பாரைக்கு 'ணங்'கென்று ஏதோ தட்டுப்பட்டது. சாக்கடைக் குழாய். அது உடைந்து, ஷெட் கட்டவேண்டிய இடத்தில் இப்போது ஒரு சிறு குளம் இருக்கிறது.

டைம்கீப்பரின் புது வீடு மூன்றாம் மாடி. மண்ணே கிடையாது. நான் போனபோது, மேஜையில் செய்தித்தாளை விரித்துப் பூக்களைக் கசக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் உமி, மின்விசிறியைப் போட்டால் பறந்துவிடும் என்று வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தார். கடைசியில் நகத்துக்குக் கெட்டியாகத் தட்டுப்பட்டவை ஒன்பது. அவை முளைக்குமா, முளைத்தாலும் மூன்று நிறம் வருமா என்று விதைத்தால்தான் தெரியும். விதைக்க அவருக்கு இடமில்லை. ஒன்பதையும் பழைய மாத்திரை உறையிலேயே போட்டு மடித்தார். உறையில் 'காலை, மதியம், இரவு' என்று அச்சடித்திருந்தது.

போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"டேய், மழைக்கு முன்னாடி நான் பாத்தி கட்டி வச்சிட்டேன். அறுபது எங்கடா?"

அவர் உறையைச் சட்டைப் பையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"வந்துட்டே இருக்குக்கா" என்றார்.