சாம்பிராணியில் குறை கண்டவன்

என் மூக்கு செத்துப்போனதை நான் கண்டுபிடிக்க ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. அதற்குள் வீட்டிலும் கோயிலிலும் குற்றம் சொல்லி முடித்திருந்தேன்.

கொரோனாவின் இரண்டாம் வருடம். பூட்டிக் கிடந்த எங்கள் கடற்கரைக் கத்தோலிக்கக் கோயிலை மறுபடி திறந்திருந்தார்கள். பூசை உள்ளே அல்ல, வெளியே மணல் முற்றத்தில். நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். பூட்டிக் கிடந்த மாதங்களில் நான் சோபாவில் சாய்ந்தபடி கைபேசியில் பூசை கண்டவன். எழுந்து நிற்க வேண்டிய இடங்களில் நீட்டிய காலை மட்டும் மடக்கிக்கொள்வேன். திறந்ததும் எனக்குப் பக்தி பெருகியதற்குக் காரணம் மைக். ஞாயிறு மாலைப் பூசையில் பைபிளின் முதல் வாசகம் வாசிப்பது நான்தான்.

அந்த ஞாயிறு மதியம் நெய்மீன் குழம்பு சப்பென்று இருந்தது. புளியா தேங்காயா, எதில் பிசகு என்று மனைவியிடம் விசாரித்தேன்.

"நல்லாத்தான இருக்கு? வேண்டாம்னா சட்டிய இங்கோட்டு தாங்க" என்றாள்.

மாலையில் கருவாடு காயப்போட்டிருக்கும் கடற்கரை வழியே கோயிலுக்கு நடந்தேன். ஒரு நாற்றமும் இல்லை. ஊர் ஒருவழியாகத் திருந்திவிட்டது என்று மகிழ்ந்தேன். இவ்வளவு படித்த ஒருவனுக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வாசிக்கும்போதும் முகக்கவசம் போட்டிருக்க வேண்டும் என்பது பங்குச் சாமியாரின் கண்டிப்பான உத்தரவு. துணிக்குள்ளிருந்து வந்தால் என் குரலின் கனம் ஊருக்குத் தெரியாது என்பதால் அதைத் தாடைக்கு இறக்கிவிட்டு வாசித்தேன். பின்பு தூபம் போட்டார்கள். புகை மேகம் போல வந்தது. மணம் மட்டும் வரவில்லை.

பூசை முடிந்ததும் நேரே கோயில்பிள்ளையிடம் போனேன். மணியடிப்பது, தூபக்கால் மூட்டுவது எல்லாம் அவர்தான். கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக இருக்கிறார். சர்க்கரையும் மூச்சிழுப்பும் உண்டு. எனக்கு அண்ணன் முறை.

"என்ன அண்ணே, வெலை கொறஞ்ச சாம்பிராணியா? மணமே இல்லையே."

"லேய், நல்ல சாமானம்லா அது! இந்தா, மோந்து பாரு."

தூபக்காலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் குனிந்து நன்றாக இழுத்தேன். கண்ணில் நீர் வழிந்தது, தொண்டை கமறியது, அவர் முகத்துக்கு எதிரிலேயே இருமினேன். மூக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

"பாத்தீங்களா?" என்று நான் வெற்றியோடு நிமிர்ந்தபோதுதான் குழம்பும் கருவாடும் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவருடைய இழுப்பும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பேசாமல் வீட்டுக்கு நழுவிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆட்கள் இன்னும் வாசலில் கூடி நின்றார்கள். மைக் பத்தடியில் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதைத் தொட மனம் வரவில்லை. கொடிமரத்துக்கு அப்பால் ஓடிப்போய் நின்று கத்தினேன்: "எனக்கு மணம் தெரியல்ல! எல்லாரும் டெஸ்ட் எடுத்திருங்க! மைக்கத் தொடாதீங்க!"

ஊரே திரும்பிப் பார்த்தது. வள்ளக்காரர் ஒருவர், "ஓய், காத்து அங்கேருந்துதான் வீசுது! மாறி நில்லும்!" என்று கத்தினார். காற்றின் திசையைப் பற்றிக் கடலுக்குப் போகிறவர்களிடம் யாரும் வாதாட முடியாது. மாறி நின்றேன்.

எனக்கு நோய் உறுதியானது. மனைவி தப்பினாள்; மாடி அறையில் என்னை அடைத்து, சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். கோயிலை மறுபடி பூட்டினார்கள். கோயில்பிள்ளைக்கு முதல் சோதனையில் ஒன்றும் இல்லை, ஆனாலும் சில நாள் பார்க்க வேண்டும் என்றார்கள். எனக்குக் காய்ச்சல்கூடப் பெரிதாக இல்லை. அவருடைய நெஞ்சைப் பற்றித்தான் கவலை.

பூட்டிய கோயிலிலும் அவர் காலைச் செப மணியை விடவில்லை. அது கேட்டால் ஆள் எழும்பிவிட்டார், கயிறு இழுக்க மூச்சிருக்கிறது என்று அர்த்தம். செபம் சொல்ல நான் எழுந்ததில்லை. இப்போது மணிக்கு முன்பே எழுந்து காத்திருந்தேன்.

ஒருநாள் மணி அடிக்கவில்லை. வெளிச்சம் வந்தது, மீன்காரி குரல் வந்தது, மணி வரவில்லை. அவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மாடியிலிருந்து மனைவியைக் கூப்பிட்டு, யாரையாவது அனுப்பச் சொன்னேன். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் மணி அடித்தது. வழக்கத்தைவிட ஓங்கி, ஊர் முழுக்க அதிர. நான் கட்டிலில் உட்கார்ந்து, அந்த வருடத்தின் முதல் உண்மையான செபத்தைச் சொன்னேன்.

உடனே போன் வந்தது. "ஒறங்கிப் போனேன், மக்கா. பூசையே இல்ல, நேரத்தோட எழும்பி என்ன செய்ய?" என்றார். குரலில் இழுப்பில்லை.

அவருக்கு நோய் வரவே இல்லை. என் பக்கத்து நாற்காலிக்காரர்களும் தப்பினார்கள். கோயில் திறந்த ஞாயிறு, முகக்கவசத்தை மூக்கு மறைய ஏற்றிக்கொண்டு வாசித்தேன். கனம் போன என் குரலை யாரும் தேடியதாகத் தெரியவில்லை. தூபம் வந்தபோது துணியைத் தாண்டி மணம் ஏறியது. கண் கலங்கியது, இந்தமுறை புகையால் அல்ல.

பூசை முடிந்ததும் தள்ளி நின்றே அவரிடம் சொன்னேன்: "அண்ணே, மன்னிச்சிருங்க. என்னா மணம்! இதப் போயி கொறை சொன்னேனே."

அவர் தூபக்காலின் சாம்பலை மணலில் தட்டினார்.

"நீ கொறை சொன்னது நல்ல சாமானம். அது தீந்து போச்சு. இதுதான் வெலை கொறஞ்சது" என்றார்.