போகியில் எரிந்த முதல் எக்கோ

2012 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. கடலூரிலிருந்து சிதம்பரம் போனது சாமி பார்க்க அல்ல, ஏழு வயதுப் பேத்தி நிலாவின் இதயத்தைப் பார்க்க. அவளுக்கு ரத்தப் புற்றுநோய். சிகிச்சையில் ஏற்றும் சிவப்பு மருந்து நோயை அடிக்கும். சில குழந்தைகளுக்கு இதயத்தையும் சேர்த்து அடிக்கும். திங்களன்று அடுத்த ஊசி. ஒரு வாரமாகப் படியேறினாலே அவளுக்கு மூச்சு வாங்கியது. எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்க்காமல் ஊசி போட விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். குழந்தைகளின் இதயம் பார்க்கும் மருத்துவர் சனிக்கிழமைதான் சிதம்பரம் வருவார்.

காலை 6.40 பேருந்து. நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், ஆளுக்கு இருபத்தொரு ரூபாய். சிப்காட் ரசாயன ஆலைகளைத் தாண்டும்வரை ஜன்னலை மூடி வையுங்கள். அந்த நாற்றம் நல்ல நெஞ்சுக்கே ஆகாது. சிதம்பரத்தில் ஆட்டோக்காரர் நாற்பது கேட்டார்.

"பாப்பாவுக்கு மொட்டையா? எந்தக் கோயில்ல?"

"ஆஸ்பத்திரி கோயில்ல," என்றாள் நிலா. இறங்கும்போது அவர் முப்பதுதான் வாங்கினார்.

மருத்துவர் எக்கோ பார்த்துவிட்டு, "அம்பத்திரண்டு" என்றார். இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை சதவீதம் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது. "ஆரம்பத்துல எவ்ளோ? அப்பவே இப்படின்னா யோசிக்கலாம். நல்லா இருந்து எறங்கியிருந்தா இந்த மருந்து வேணாம்."

கூட வந்த மாப்பிள்ளை, நிலாவின் அப்பா, கோப்பைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"எங்க மாப்ள, மொத ரிப்போர்ட்டு?"

"போகியில போட்டுட்டேன் மாமா. நோய்க் காயிதம் வூட்ல இருக்கக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. நல்லதுக்குத்தான்…"

"வைத்தியமே முடியல. அதுக்குள்ள காயிதத்துக்குக் கொள்ளி வச்சிட்டீங்களா?"

நான் எட்டாவதுவரைதான். ஆனாலும் இந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தவன். அறுபத்தைந்து என்று அடித்துச் சொன்னேன். "ஞாபகத்த வச்சு எழுத முடியாதுங்க பெரியவரே," என்றார் மருத்துவர். முதல் எக்கோ எடுத்த இடத்துக்குப் போன் செய்தோம். நகல் வைப்பதில்லையாம்.

கடைசியில், திங்களன்று ஊசி வேண்டாம், இரண்டு வாரம் கழித்து மறுபடி எக்கோ என்று எழுதிக் கொடுத்தார்.

"அதுவரைக்கும் புத்துநோய் சும்மா இருக்குமா டாக்டர்?"

"இருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

ஊசி இல்லை என்றதும் நிலா மட்டும் கைதட்டினாள்.

அவரைப் பார்க்கப் போகிறவர்கள் எட்டரை மணிக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள். முதல் எக்கோவுக்கு மூன்று நகல் எடுங்கள். ஒன்றைச் சாங்கியம் பார்க்காதவர் வீட்டில் வையுங்கள்.

மாப்பிள்ளை பாசக்காரர். பாசத்தால்தான் எரித்தார் என்று மகள் அழுகிறாள். மறு எக்கோவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. எண் நல்லதாகவே வந்தாலும் அவரோடு எனக்குப் பேச்சில்லை.