எங்கடை ஊர்ப் பெடியன்

கடன் வசூல்காரர்கள் முதலில் பிரெஞ்சில்தான் போனில் கூப்பிட்டார்கள். பிரெஞ்சில் ஏச்சு வாங்குவதில் ஒரு வசதி, பாதி விளங்காது. விளங்கிய பாதியே தாராளம். பொலிஸ் வரும், வீட்டுச் சாமான் போகும், நாட்டை விட்டே அனுப்புவோம் என்றார்கள். "நாங்கள் இந்த நாட்டுப் பிரஜைகள், விசரா!" என்று நான் தமிழில் கத்துவேன். கீழ்வீட்டுப் பெண்ணுக்கும் போன் எடுத்தார்கள். கடைசியில் என் கணவர் பாத்திரம் கழுவும் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கே எடுத்து, இவர் கடன் கட்டாத ஆள் என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டார்கள். அன்று அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

கடன் எங்களுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை. அவருக்கு வேலை போன அந்தக் குளிர்காலம் முழுக்கக் கடன் அட்டையில்தான் அரிசி வாங்கினோம். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதும் அதில்தான். பிறகு வேலை கிடைத்தது, ஆனால் வட்டி குட்டி போட்டுவிட்டது. வங்கி அந்தக் கடனை ஏதோ ஒரு கம்பனிக்கு விற்றுவிட்டது. பழைய கார் விற்கிற மாதிரிக் கடனையும் விற்பார்களாம்! தோள்மூட்டு கெட்டதிலிருந்து எனக்கு வேலை இல்லை. மொன்றியலில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் இருந்த வீட்டுக்கு வாடகை அவர் சம்பளத்தில்தான். அதில் கை வைத்தால் எங்கள் கதை முடிந்தது.

இலவசச் சட்ட உதவியில் ஒரு பெண் வழக்கறிஞர் கிடைத்தாள். நல்ல பிள்ளை. மூன்று வருடம் வழக்குப் போடாமல் விட்டால் இந்தக் கடன் காலாவதியாகிவிடும், அதற்கு இன்னும் கொஞ்சக் காலம்தான் இருக்கிறது என்றாள். ஆனால் இடையில் ஒருதரம் "என் கடன்தான்" என்று ஒப்புக்கொண்டாலோ, ஒரு டொலர் கட்டினாலோ, மூன்று வருடமும் திரும்ப முதலிலிருந்து. அதனால் போனில் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

"ஒண்டும் கதைக்கக்கூடாது, விளங்குதோ?" என்று நான் இவருக்குச் சொன்னேன்.

"ஓம், ஓம். நான் என்ன சின்னப் பிள்ளையோ?"

சொன்னபடியே செய்தார். பிரெஞ்சோ ஆங்கிலமோ கேட்டால் உடனே வைத்துவிடுவார். தமிழில் வரும் என்று வழக்கறிஞரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

ஒருநாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன், இவர் போனில் சிரிக்கிறார். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! பகல் முழுக்கப் பாத்திரம் கழுவும் மெசினின் இரைச்சலில் வாய் திறக்காமல் நிற்கிற மனிதர். "ஆற்றை மோன் நீர்? சந்தியடியிலை சைக்கிள் கடை வைச்சிருந்தவற்றை பேரனோ? அட கோதாரி, அவரை எனக்கு வடிவாத் தெரியுமே!"

"ஆரோடை கதைக்கிறியள்?" என்றேன்.

"எங்கடை ஊர்ப் பெடியன்" என்றார்.

சொந்தக்காரப் பிள்ளை யாரோ என்று நினைத்து, "ஒருநாளைக்குச் சாப்பிட வரச்சொல்லுங்கோ" என்று நான் உள்ளேயிருந்து சத்தம் போட்டேன்.

வழக்கறிஞர் சொன்ன மூன்று வருடமும் முடிந்தது, இனிப் பயமில்லை என்று நான் நினைத்திருந்த கொஞ்ச நாளில் ஒருவன் கதவைத் தட்டி வழக்குப் பத்திரத்தைக் கையில் தந்துவிட்டுப் போனான். அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார். அந்தப் பெடியன் வசூல் கம்பனிக்காரனாம். "மனேச்சர் என்னை நெருக்கிறான் அண்ணை, இருபது டொலர் எண்டாலும் போட்டுவிடுங்கோ, இல்லாட்டி என்ரை வேலை போயிடும்" என்றானாம். இவர் போட்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கீரைச் சட்டியை உடைக்காதது ஆச்சரியம். "ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?" என்றால், "பாவம், பெடியன்" என்கிறார்.

நீதிமன்றத்தில் அந்த அழைப்பின் ஒலிப்பதிவைப் போட்டார்கள். மொன்றியல் நகர நீதிபதி, கறுப்பு அங்கி போட்ட வழக்கறிஞர்கள், நடுவில் எங்கள் வீட்டுக் குசினி. குக்கர் விசில் அடிக்கிறது; அந்தச் சத்தத்தில் அன்று எனக்குக் கேட்காததெல்லாம் இப்போது கேட்கிறது. இவர் சிரிக்கிறார். "ஓம் தம்பி, அது என்ரை கடன்தான். நாங்கள் ஏமாத்திற சனம் இல்லை. போடுறன், நீர் யோசியாதையும்" என்கிறார். பின்னாலிருந்து நான் சாப்பிட வரச்சொல்கிறேன். அதையும் மொழிபெயர்ப்பாளர் விடாமல் பிரெஞ்சில் சொன்னார்.

மொழிபெயர்ப்பாளர் சென்னைக்காரப் பெண். "இது உங்க குரல்தானான்னு ஜட்ஜ் கேக்குறாங்க சார்" என்றார்.

"ஓம், நான்தான்" என்றார் இவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பிள்ளை, இதாலை அந்தப் பெடியனுக்கு வேலையிலை பிரச்சினை ஒண்டும் வராதே? கேட்டுச் சொல்லும்."

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மொழிபெயர்த்தார். அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்றார் நீதிபதி.

தோற்றுப் போனோம். எங்கள் வழக்கறிஞர் என் கையைப் பிடித்தாள், வேறு என்ன செய்வாள்? இப்போது சம்பளம் கைக்கு வருமுன்னே ஒரு பங்கை வெட்டிவிடுகிறார்கள். வீட்டை விட்டுவிட்டு, நகரத்துக்கு வெளியே லவாலில் ஒரு பேஸ்மென்ட் அறைக்கு வந்துவிட்டோம். அவர் விடிய முன்னமே எழும்பி, பஸ்ஸும் மெட்ரோவுமாக அதே சமையலறைக்குப் போகிறார்.

அந்தப் பெடியனை நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன், நாசமாய்ப் போவான் என்று. இவர் ஒருநாளும் திட்டியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. நான் மாவு பிசைந்துகொண்டிருந்ததால் அவர் ஸ்பீக்கரில் போட்டார். கோயிலிலிருந்து, திருவிழா அன்னதானத்துக்கு ஆள் தேவையாம். "வணக்கம் அண்ணை, எப்பிடிச் சுகம்?" என்றது ஒரு இளம் குரல். அவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணை? கேக்குதோ?" என்றது குரல் மறுபடியும்.

தனக்குத் தமிழ் தெரியாது என்று உடைந்த பிரெஞ்சில் சொல்லிவிட்டு, போனை வைத்தார்.