பின் கேட்டில் யார்?

இன்று பின்னேரம் ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் இருந்து போனில் ஒரு நேரலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றின் வாசலில், போருக்கு ஆயுதம் கொண்டுபோகும் லொறிகளை மறித்து நூறு பேர் வரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பல்லேகலவில் ஏறி என் பக்கத்தில் இருந்த அக்கா எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நல்ல வேலைதான். பின் கேட்ல யாரு இருக்கா?"

"தெரியேல்லையே அக்கா."

"எங்க தோட்டத்து ஸ்ட்ரைக்ல இப்படித்தான் தேயிலை லொறிய மறிச்சோம். போட்டோ புடிக்கிறாங்கன்னு எல்லாரும் முன் கேட்லயே உக்காந்துட்டோம். லொறி பின்னால போயிருச்சு. அவங்களுக்கு எழுதுங்க சேர்."

ஆங்கிலத்தில் கமெண்ட் போட்டேன். தெல்தெனிய தாண்டுவதற்குள் பதில் வந்துவிட்டது: "நன்றி தோழர். ஆறு பேரை அனுப்பியிருக்கிறோம்."

வாசித்துக் காட்டினேன். அக்காவுக்குத் திருப்தியில்லை.

"ஆறு பத்தாது. நாலு பேரு டீ குடிக்கப் போயிருவாங்க."

அதையும் அப்படியே எழுதினேன். பதில் இல்லை. அக்காவும் இறங்கிப் போய்விட்டார்.

அந்தத் துறைமுகத்துப் பக்கம் யாருக்காவது ஆட்கள் இருந்தால் விசாரித்துச் சொல்லுங்கள். நாளைக்கும் இதே பஸ்தான். அக்கா கட்டாயம் கேட்பார்.