இசைத்தட்டுக்குள் ம் கொட்டியவர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே கிண்டல் பண்ணி விரட்டுகிறவன் நான். நீங்களும் சிரிப்பீர்கள், தெரியும். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

இரண்டாயிரத்து இரண்டு வாக்கில் துபாய் சத்வாவில், பியானோ சொல்லிக்கொடுக்கும் ஒரு வயதான அமெரிக்க அம்மா வீட்டில் எனக்கு வேலை. ஆகஸ்டில் அந்தம்மா ஊருக்குப் போய்விட, ஒன்றரை மாதம் அந்த வீட்டில் நான் ஒருத்தன்தான், பேச ஒரு ஆள் கிடையாது, தனிமை என்றால் அப்படியொரு தனிமை. ஊரில் என் மனைவி செல்விக்கு அப்போது ஏழாம் மாதம். உண்மை தெரிந்தால் அழுதே உடம்பைக் கெடுத்துக்கொள்வாள் என்று, ரூமில் நாலு பேர் இருக்கிறோம் என்று புளுகியிருந்தேன்.

ரிக்கார்டு மெஷின் கெட்டுவிடாமல் வாரம் ஒரு தடவை ஒரு இசைத்தட்டைப் போடச் சொல்லியிருந்தார் அந்தம்மா. நான் தினமும் மத்தியானம் போட்டேன். எப்போதோ செத்துப்போன ஒரு கறுப்பினப் பியானோக்காரர் தானே மெட்டுக் கட்டி வாசித்தது, ராக்டைம் என்பார்கள், குதித்துக் குதித்துப் போகும், எனக்கோ கேட்டால் அழுகைதான் வரும். ஒரு வெள்ளிக்கிழமை அது ஓட ஓடவே செல்விக்குக் கேசட்டில் பேசி, லீவில் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த வாரம் போனில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"ஏங்க, பக்கத்துல இருந்த அண்ணன் யாரு? நீங்க பேசப் பேச ம் கொட்டிக்கிட்டே இருக்காரே!"

"எந்த அண்ணன்?"

"அட, போங்க. நாலு பேருன்னு சொன்னது பொய்யோன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன். இப்பதான் நிம்மதி."

பேச்சை மாற்றிப் போனை வைத்தேன். வாசித்தவர் முனகியது தட்டில் பதிந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அந்தம்மா திரும்பியதும் கேட்டால் சிரிக்கிறார். அந்தத் தட்டு அந்தப் பியானோக்காரர் செத்துப் பல வருஷம் கழித்துப் பதிவானதாம். உயிரோடு இருந்தபோது அவர் வாசித்தது ஒரு காகிதச் சுருளில் ஓட்டை ஓட்டையாகக் குத்தி வைத்திருந்ததாம், தானாக ஓடும் பியானோவில் அதை மாட்டிப் பதிவு செய்தார்களாம். பியானோ முன்னால் யாருமே உட்காரவில்லையாம்.

ஊருக்கு வந்த பிறகு அந்தக் கேசட்டை நானே போட்டுக் கேட்டேன், நம்பினால் நம்புங்கள். "இங்க வெயில் தாங்கல" என்கிறேன். ம். "உன் நெனப்பாவே இருக்கு புள்ள" என்கிறேன். ம். சத்தியமாக ஒரு ஆம்பளைக் குரல், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி.

"ரூம்ல நாலு பேரு இருக்கோம், எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல" என்று சொல்கிற இடத்தில் மட்டும் அந்த மனுஷன் ம் கொட்டவில்லை.