சட்டி நிறைய வேண்டும்

என் மகள் ஆர்மீனியாவுக்கு மருத்துவம் படிக்கப் போனாள். படித்து முடித்ததும் அந்த ஊர்ப் பையனையே கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். நான் பரமக்குடிக்குத் தெற்கே மிளகாய்க் காட்டோடு கிடக்கிறேன். மனைவி போன பிறகு நானே சமையல்காரன். சமையல் என்றால் சோறு, ரசம், சுட்ட அப்பளம்.

போன தை மாதம் மகளோடு மருமகன் முதல்முறையாக வருவதாக இருந்தது. அவன் வீட்டுப் பண்டத்தை ஆக்கிப் போட்டால் இதையும் தன் வீடாக நினைத்து அடிக்கடி வருவான் என்று எனக்கு ஒரு ஆசை. அவளுடைய மாமியார் நோன்பு நாளில் செய்யும் கோசுச் சுருளை மகள் வீடியோவில் சொல்லிக் கொடுத்தாள். வெந்த முட்டைக்கோஸ் இலைக்குள் கொண்டைக்கடலை, பயறு, உடைத்த கோதுமை, வதக்கிய வெங்காயம் வைத்துச் சுருட்ட வேண்டும். மிளகாய் கிடையாதாம். எங்கள் பக்கம் மிளகாய் இல்லாமல் சாப்பிடுகிறவன் காய்ச்சல்காரன்தான்.

"கொஞ்சமா ஆக்கலாம்னு பாக்காதீக அய்யா. சட்டி நெறைய நெருக்கி அடுக்கணும். எடம் கெடந்தா அவுந்துபோகும். மேல தட்டைக் கவுத்துக் கல்லை வைங்க. ஆறவிட்டு மறுநாள்தான் திங்கணும்."

"மொத மொத வர்ற மாப்பிள்ளைக்குப் பழசைப் போடச் சொல்றியா தாயி?"

"அங்கன அதுதான்யா விருந்து."

எனக்கு மனசே வரவில்லை. யாராவது கேள்விப்பட்டால் காறித் துப்புவார்கள். ஆனாலும் முதல் நாளே பெரிய சட்டியில் அடுக்கி, எடைக்கல்லைக் கழுவி மேலே வைத்து வேகவிட்டேன். மறுநாள் மத்தியானம் தட்டைத் தூக்கினால் ஒன்றுகூட அவிழவில்லை.

மருமகன் ஒன்றைத் தின்றான். இன்னொன்றை எடுத்தான். பிறகு குனிந்தபடி என்னவோ சொன்னான்.

"அவுக அம்மா கைப்பக்குவமாம்யா" என்றாள் மகள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சட்டியை வழித்துத் துடைத்தோம்.

மூன்றாம் நாள் ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். வீடு சத்தமில்லாமல் கிடந்தது. சோற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மிஞ்சியிருந்த கோசில் நாலே நாலு சுருள் செய்து சின்னச் சட்டியில் வைத்தேன். தட்டும் கவிழ்த்தேன், கல்லும் வைத்தேன். கொதி வந்ததும் நாலும் மிதந்து அவிழ்ந்து, கடலையும் கோதுமையும் கஞ்சியாகிவிட்டன. இரண்டு முண்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டு அதைக் குடித்தேன்.

இரண்டு நாள் கழித்து மகள் கூப்பிட்டாள்.

"ஊருக்கு வந்து சேந்துட்டோம்யா. இங்க இவுக உங்க சமையலைத்தான் பேசிக்கிட்டே இருக்காக. உங்களுக்கும் அப்பப்ப செஞ்சுக்கங்க, ஒடம்புக்கு நல்லது."

"எனக்கு மட்டும்னு செய்ய வரலை தாயி. நீங்க ரெண்டு பேரும் வந்தாத்தான் அது ஆகும்" என்றேன்.

பெரிய சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டதை நான் அவளிடம் சொல்லவில்லை.