சிடியிலிருந்து வந்த வயலின்

தொண்ணூறுகளின் நடுவில் ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, சினிமாப் பாட்டுகளுக்குக் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். ஸாம்ப்ளர் என்ற பெட்டி அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. ஒரு வாத்தியத்தின் ஒவ்வொரு சுரத்தையும் அதில் பதிந்துவிட்டால் பிறகு கீபோர்டிலேயே அந்த வாத்தியத்தை வாசிக்கலாம். இப்படிப் பதிந்த சத்தங்கள் வெளிநாட்டிலிருந்து சிடியாகவும் விலைக்கு வரும். பெட்டியோடு வந்த வயலின் சத்தமோ கொசுவின் ரீங்காரம் போலிருந்தது, சகிக்கவில்லை. நந்தனம் கல்லூரியில் என்னோடு படித்த நண்பனைக் கூப்பிட்டேன். பத்து வருஷமாக ரெக்கார்டிங்குகளில் வயலின் கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்காருபவன். அவன் தனியாக வாசித்த ஒரு வரிகூட எந்தப் பாட்டிலும் வந்ததில்லை.

அபிராமபுரத்திலிருந்து நான்கு மத்தியானங்கள் வந்தான். கத்திரி வெயிலில் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி உட்கார வைத்தேன். ஒரே சுரத்தை மெல்ல ஒரு தரம், நடுத்தரமாக ஒரு தரம், ஓங்கி ஒரு தரம். பிறகு அதையே வில்லை நீட்டி இழுத்து, வெட்டி வெட்டி, விரலால் சுண்டி. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“இன்னாடா மச்சி, பாட்டு எப்போ? ஒரே சுரத்த தேய்ச்சிக்கினு கீறேன்” என்று சிரித்தான். கடைசி நாள் கிளம்பும்போது மட்டும் சிரிக்காமல் சொன்னான்: “யாராவது கேட்டா என் பேரச் சொல்லுடா. தனியா ஒரே ஒரு பிட்டு கெடைச்சா போதும்.”

“இதெல்லாம் நீ சொல்லணுமாடா?” என்றேன்.

அடுத்த மாதம் தி. நகரில் ரெக்கார்டிங். ஒரு சோகப் பாட்டின் நடுவே வயலின் வேண்டும் என்றார் இசையமைப்பாளர். நண்பனின் சுரங்களை வாசித்தேன். கட்டையை மெல்லத் தொட்டால் மெல்லிய வில், அழுத்தினால் ஓங்கிய வில். காலடியில் இருந்த பெடலை மிதித்துச் சத்தத்தை விம்ம வைத்தேன், தணித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“யாருய்யா இது? இந்த ஆள உடனே கூப்பிடு.”

ஆளைக் கூப்பிட்டால் அப்புறம் எனக்கென்ன வேலை? “ஆள் இல்ல சார், வெளிநாட்டு சிடி” என்றேன். வில் அவனுடையதாக இருக்கட்டும், ஏற்ற இறக்கம் என் காலுடையதுதானே என்று மனசுக்குள் ஒரு சமாதானம் வேறு. சீ, என்ன ஜன்மம் நான்!

பாட்டு பிரபலமாகிவிட்டது. மயிலாப்பூரில் ஒரு டீக்கடையில் நானும் அவனும் நின்றிருந்தபோது ரேடியோவில் அது வந்தது. சுரத்துக்கு முன்னால் அவன் இழுக்கும் மூச்சையெல்லாம் வெட்டிவிட்டு, பெரிய மண்டபத்தின் எதிரொலியைப் பூசியிருந்தேன். அவனுக்கே அவனை அடையாளம் தெரியவில்லை.

“நீ போட்டதுதானே? வயலின் யாருடா?”

“சிடி.”

“அப்போ நான் வாசிச்சுக் குடுத்தது?”

“அது சரியா வரலடா.”

ரேடியோ பக்கம் காதைத் திருப்பினான். “இந்த வில்லுல இன்னா பிடி பாரு! நமக்கெல்லாம் ஏழு ஜென்மத்துக்கும் வராது மச்சி” என்று சொல்லி டீயைக் குடித்து முடித்தான்.

அடுத்த படத்துக்கு இசையமைப்பாளர் அதே மாதிரி நிஜ வயலின் கேட்டார். பாவத்தைக் கழுவ வழி கிடைத்ததென்று பாய்ந்து நண்பனின் பேரைச் சொன்னேன். அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்கு ஓடினேன். அவன் முடியாதென்று தலையை ஆட்டிவிட்டான்.

“அந்த சிடிக்காரன் மாதிரியா? மானம் போயிடும்டா.”

“உன்னால முடியும்டா.”

“சும்மா உசுப்பேத்தாத. நான் குடுத்ததே சரியா வரலன்னு நீதானே சொன்ன?”

அது நீதான்டா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இசையமைப்பாளரிடமும் மாட்டிக்கொள்வேன். அப்படியே திரும்பிவிட்டேன்.

வேறொருவர் வந்து ஐந்து தடவை வாசித்தார். இசையமைப்பாளருக்குப் பிடிக்கவில்லை. “அந்த சிடியவே போடுய்யா” என்றார். ரெக்கார்டிங் ஹாலில் வயலின் கூட்டம் முழுக்க உட்கார்ந்திருக்க, நான் கீபோர்டில் வாசித்தேன். நன்றாக வாசித்தவரை வயலின்காரர்கள் வில்லால் நோட்டு ஸ்டாண்டைத் தட்டிப் பாராட்டுவது வழக்கம். ஒருத்தரும் தட்டவில்லை; ஒரு பெட்டிக்கு யார் தட்டுவார்கள்? கடைசி வரிசையில் அவன் மட்டும் தட்டினான், முகமெல்லாம் சிரிப்பாக. நானும் வெட்கமில்லாமல் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டேன்.